கத்திரி எடுங்க, மாப்ள

மாப்ள, தொட்டி ஷோக்கா கீது. காசிமேட்டுல எந்த வூட்டுக் கூடத்துலயும் இப்பிடி ஒரு தொட்டிய நான் பாத்ததில்ல. ஒரே ஒரு சந்தேகம்தான். மீன் எங்க?

கீதுன்னு சொல்றீங்க, நம்பறேன். பேத்திய கட்டினவரு சொன்னா நம்பணும், அதான் முறை. நானும் காலையில இருந்து குந்திகினு பாக்கறேன். செடி தெரியுது. செடிக்குப் பின்னால செடி தெரியுது. மேல முட்டி, திரும்பி, தண்ணி மேலயே படுத்துகினு வளர்ற செடியும் தெரியுது. கடல்ல எழுவது அடி ஆழத்துல இன்னா மீன் போவுதுன்னு சொன்ன ஆளுதான் நானு. உங்க ரெண்டடி தொட்டியில தோத்துட்டேன்.

செலவ நெனச்சாத்தான் பெருமையா கீது. கண்ணாடி பளபளன்னு. லைட்டு அவ்ளோ காஸ்ட்லி. அடியில போட்ட மண்ணு கூட வெளிநாட்டுலேந்து வந்துதாம். செடிக்கு கார்பன் டை ஆக்ஸைடு குடுக்க தனியா ஒரு சிலிண்டர். போன மாசம் வூட்டு சிலிண்டர் தீந்து பேத்தி ரெண்டு நாளு ஓட்டல் இட்லி துன்னுச்சு, தொட்டி சிலிண்டர் மட்டும் ஃபுல்லா இருந்துச்சு. யார முதல்ல கவனிக்கணும்னு உங்களுக்கு தெரியும், நான் ஒண்ணும் சொல்லல.

இவ்ளோ வாங்கினவரு ஒரு கத்திரி வாங்கலியே. கேட்டா, "உயிரோட கீற செடி தாத்தா, வெட்ட மனசு வரல"ன்றீங்க. ஞாயித்துக்கிழமை இருட்டோட எழுந்து ஹார்பர் ஏலத்துல போயி நின்னு, வஞ்சரத்த "மெலிசா போடுங்கண்ணே"ன்னு துண்டு போட்டு வாங்கிகினு வர்ற மனசுதானே இது? சரி வுடுங்க. இரக்கம் ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு எடத்துல கீது.

அந்த இரக்கத்தால அடியில இன்னா நடக்குதுன்னு மட்டும் சொல்லிடறேன். லைட்டு மேல கீது. ரோட்டாலா, லுட்விஜியா, கபோம்பான்னு நீங்க பேரு சொல்ற தண்டுச் செடியெல்லாம் லைட்ட பாத்துதான் ஓடும். மேல போனது பரவி நின்னுகினு கீழ கீறதுக்கு வெளிச்சத்த மறைக்குது. இருட்டுல மாட்டின தழை முதல்ல மஞ்சளாவும், அப்பால கருக்கும், அப்பால கொழகொழன்னு உதிரும். உதிர்ந்தது தரையில கெடந்து அழுவும். அழுவறதுக்கும் ஆக்ஸிஜன் வேணும் மாப்ள. அது மீனோட பங்குலேந்துதான் போவும். அழுவலோட அம்மோனியாவும் வரும், அது மீன் செவுளத் தின்னும்.

இன்னொண்ணு. செடி ஆக்ஸிஜன் குடுக்குதுன்னு எல்லாருக்கும் சொல்லிகினு திரியறீங்களே, அது பகல்ல. ராத்திரி லைட்ட அணைச்சதும் மீன் இழுக்கிற அதே ஆக்ஸிஜனத்தான் செடியும் இழுக்கும். தொட்டி நெறைய காடு வளத்து வெச்சா, விடியறதுக்குள்ள ஸ்டாக் காலி. அதான் காலையில ஒங்க மீனுங்க மேல வந்து வாயப் பொளக்குது. நீங்க இன்னா சொன்னீங்க? "எனக்கு குட்மார்னிங் சொல்லுது தாத்தா"ன்னீங்க. நான் வாயத் தொறக்கல. காலங்காத்தால ஒரு மனுசன் சந்தோசமா கீறாரு, நாம ஏன் கெடுக்கணும்?

கத்திரி ஒண்ணு வாங்குங்க. சமையக்கட்டு கத்திரி வாணாம், அதுல பேத்தி பால் பாக்கெட் வெட்டுது, முனை மழுங்கிப் போச்சு. மழுங்கின கத்திரி தண்ட வெட்டாது, நசுக்கும். நசுங்கின எடம் அழுவும். கூரா, நீட்டமா, முனை வளைஞ்சதா ஒண்ணு. தண்டுல தழை மொளைக்கிற முடிச்சு கீது பாருங்க, அது கணு. கணுவுக்கு கொஞ்சம் மேல ஒரே வெட்டு. அந்தக் கணுவுலேந்து ஒண்ணுக்கு ரெண்டா கிளை வரும். நீங்க வெட்ட வெட்டத்தான் அது அடர்த்தியாவும். வெட்டாம வுட்டதாலதான் அடியில குச்சி குச்சியா நிக்குது.

மொத தடவை, செடி எந்த ஒசரத்துல அடர்த்தியா நிக்கணும்னு ஆசப்படறீங்களோ அதுக்கு நல்லா கீழயே வெட்டுங்க. புதுக் கிளை அங்கேந்து தான் மேல ஏறும். முன்னால கீறது குட்டையா, பின்னால கீறது ஒசரமா வெட்டினா, நடுவுல மீன் நீந்தறதுக்கு எடம் கெடைக்கும். மீனு வெச்சிருக்கிற தொட்டியில அதுவும் ஒரு பக்கம் ஞாபகத்துல இருக்கணும்ல?

மூணு நாலு தடவை இப்பிடி வெட்டினப்பறம் அடித்தண்டு கெழடு தட்டிடும். அதுல கிளை வர்றது கொறைஞ்சுடும். அப்ப மேல் கொத்த வெட்டி வெச்சுகினு, கீழ்ப் பாதிய வேரோட புடுங்கி எறிஞ்சுடணும். கெழத்த எறிய சொல்றேன்னு என்னப் பாக்காதீங்க, செடிய சொல்றேன். மேல் கொத்துல அடி ரெண்டு கணுவுக்குத் தழைய கிள்ளிட்டு, ஒண்ணொண்ணா, ஒரு விரல் எடம் வுட்டு நடுங்க. கணுவுலேந்து வேர் வுடும். கடைக்காரன் அஞ்சாறு தண்ட சேத்து ஈயத்தகடு சுத்திக் குடுத்தானே, அத அவுக்காம அப்பிடியே பொதைச்சு வெச்சிருக்கீங்க. ஈயம் வலை முழுவறதுக்கு, மாப்ள. செடிக்கு கட்டினா கட்டின எடத்துல தண்டு நசுங்கி அழுவும், நடுவுல கீற தண்டுக்கு வெளிச்சமும் போவாது.

இத்தக் கேட்டதும் உங்களுக்கு வீரம் வந்துடும்னு எனக்குத் தெரியும். இன்னிக்கே மொட்ட அடிச்சுடாதீங்க. மூணுல ஒரு பங்கு போதும் ஒரு தடவைக்கு. தண்ணியில கீற சத்தயெல்லாம் செடிதான் துன்னுகினு கீது. மீன் போடற கழிவு, நீங்க பாசத்துல அள்ளிக் கொட்ற தீனி, எல்லாம் அங்கதான் போவுது. ஒரே நாள்ல செடிய சரிச்சீங்கன்னா அந்தப் பந்தியில பாசி வந்து குந்தும். அப்பால கண்ணாடி பச்ச, கல்லு பச்ச, தழை மேல கருப்பா மயிர் மயிரா. இந்த வாரம் ஒரு பக்கம், அடுத்த வாரம் இன்னொரு பக்கம். வெட்றப்ப ஃபில்டர நிறுத்துங்க, இல்லாட்டி துண்டெல்லாம் அதுல போயி அடைச்சுக்கும். மெதக்கறத சின்ன வலையால அள்ளிட்டு, மூணுல ஒரு பங்குலேந்து பாதி வரைக்கும் தண்ணிய மாத்துங்க. ஜாவா மாஸுன்னு ஒண்ணு வெச்சிருக்கீங்களே, அத வெட்னா துண்டு ஒண்ணு கூட வுடாம உறிஞ்சி எடுங்க. ஒரு இணுக்கு மிச்சம் நின்னாலும் எங்கயாவது ஒட்டிகினு அங்க குடும்பம் நடத்தும்.

இதெல்லாம் இந்தக் கெழவன் வாயில வந்த கதைன்னு நெனச்சுடப் போறீங்க. கொள்ளுப்பேத்தி போன்ல படிச்சுக் காட்டுச்சு. லண்டன்ல ராபர்ட் வாரிங்டன்னு ஒரு ரசாயனக்காரரு. 12 கேலன் தொட்டியில ரெண்டு தங்கமீன் வுட்டு, வேலிஸ்நேரியா செடி நட்டு, தண்ணி மாத்தாமயே வெச்சுப் பாத்தாரு. நல்லாத்தான் இருந்துச்சாம். அப்பால பழுத்த தழை அழுவி தண்ணி கலங்கிச்சு, கண்ணாடியில பச்ச படிஞ்சுது. இன்னா செஞ்சாரு? கொளத்து நத்தைய புடிச்சு உள்ள வுட்டாரு. அது அழுவினத துன்னு தீத்துச்சு, தண்ணி தெளிஞ்சுது. 1850-ல இத எழுதி வெச்சுட்டாரு. நீங்க போன வாரம் நத்தைய சாவடிக்க மருந்து வாங்கிகினு வந்தீங்க. அந்த மருந்துல தாமிரம் இருந்தா நத்தையோட உங்க எறாக்குஞ்சும் சேந்து போவும். தின்றதுக்கு அழுவல் கெடைக்கறதாலதான் நத்த பெருகுது. தீனிய கொறைங்க, செத்த தழைய எடுங்க, அதுங்களே கொறைஞ்சுடும்.

தொட்டியில மீன் வெச்சு வேடிக்க பாக்கறது நம்ம ஊருக்கும் புதுசில்ல. மெரினாவுல 1909-லயே மீன் காட்சிசாலை தொறந்துட்டாங்க. மியூசியத்துக்கு கண்காணிப்பாளரா இருந்த எட்கர் தர்ஸ்டன் போட்ட திட்டம் அது. ரெண்டாம் உலகப் போர்ல குண்டு வுழும்னு பயந்து மூடிட்டாங்க. என் காலத்துல கலர் மீன் பாக்கணும்னா மூர் மார்க்கெட்தான். மீனுக்குப் பக்கத்துல நாய்க்குட்டி, அதுக்குப் பக்கத்துல லவ் பேர்ட்ஸ், அதுக்கு எதிர்ல பழைய பொஸ்தவம். 1985-ல அது எரிஞ்சு போச்சு. இப்ப எல்லாரும் கொளத்தூருக்கு ஓடறாங்க. நீங்களும் ஓடனீங்க, ஓடிப்போயி நம்ம ஊரு ஏரியில சும்மா கெடக்கிற வேலம்பாசிய ஹைட்ரில்லான்னு பேரு வெச்ச பையில காசு குடுத்து வாங்கினு வந்தீங்க. நல்ல ஏற்பாடு. ஏரியில எடுத்தா சட்டை நனைஞ்சுடும்ல. ஆனா ஒண்ணு, அது தோது வந்தா ஒரு நாளைக்கு ஒரு அங்குலம் கூட வளரும். கத்திரி இல்லாதவரு வாங்க வேண்டிய செடி அது இல்ல.

இந்தப் பக்கம் கருப்பா அழுவிகினு நிக்குதே, அது அனுபியாஸ்தானே? மேற்கு ஆப்பிரிக்காவுலேந்து வந்த செடி. ரொம்ப மெதுவா வளரும், கொறஞ்ச வெளிச்சம் போதும், சோம்பேறிக்கு ஏத்தது. நான் பொதுவா சொன்னேன். அதுக்கு அடியில கட்டையா படுத்துகினு போவுது பாருங்க ஒரு கிழங்குத் தண்டு, அத மண்ணுல பொதைச்சா அழுவிடும். வேர் மட்டும் உள்ள போலாம், கிழங்கு வெளியதான் நிக்கணும். கல்லுலயோ கட்டையிலயோ கட்டி வெச்சா வேர் புடிச்சுக்கும். ஜாவா ஃபெர்னுக்கும் அதே சட்டம்தான். அதுக்குன்னு தனியா பசை வாங்கினீங்களாமே, சின்ன டியூப்புல, பெரிய வெலையில. வூட்டு மூலையில தங்கூசி நரம்பு கட்டுக் கட்டா கெடக்குது. ரெண்டு சுத்து சுத்தி ஒரு முடிச்சு. எங்கிட்ட கேட்டிருந்தா போட்டுக் குடுத்திருப்பேன். வலைக்காரன் வூட்டு மாப்ள முடிச்சுக்குப் பசை வாங்கினாருன்னு வெளிய தெரிய வாணாம், நமக்குள்ள இருக்கட்டும்.

அனுபியாஸ் தழை மேல பாசி புடிச்சா தேய்க்காதீங்க, அந்தத் தழைய அடியோட எடுத்துடுங்க. அமேசான் ஸ்வார்டுக்கும் அப்பிடித்தான். வெளிப் பக்கம் கீற பழுத்த தழைய அடியில வெட்டணும், புதுசு நடுவுலேந்து வரும். நீங்க பழுத்த பாதிய மட்டும் கையால கிள்ளிட்டு, நல்லா கீற பாதிய வெச்சிருக்கீங்க. சிக்கனம் நல்லதுதான், ஆனா மிச்சப் பாதியும் கருகிடும். வேலிஸ்நேரியாவும் அப்பிடியே. நடுவுல வெட்டினா நுனி செம்பட்டையாவும், அது நிமுந்து நின்னு உங்க வேலைய வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டிக் குடுக்கும். அது மண்ணுக்குள்ள கொடி வுட்டு குட்டி போடும். குட்டிக்கு நாலஞ்சு தழை வந்தப்பறம் கொடிய வெட்டி வேற எடத்துல நட்டுக்கலாம். அதுக்குள்ள தொட்டிய முழுசா புடிக்கப் பாக்கும், உசாரா இருங்க.

அப்பால அந்த கிரிப்ட். சிலோன் செடி. நம்ம தென்னாட்டு ஆத்துலயும் அந்த சாதியில ஒண்ணு ரெண்டு கீது. அத எடம் மாத்தினீங்க, ரெண்டு நாள்ல தழையெல்லாம் கரைஞ்சு போச்சு. "செத்துடுச்சு தாத்தா"ன்னு புடுங்கி எறியப் போனீங்க. மாப்ள, ஏப்ரல் 15-லேந்து ஜூன் 14 வரைக்கும் எங்க விசைப்படகு எதுவும் கடலுக்குப் போவாது. மீன்பிடித் தடைக்காலம், 61 நாளு. முன்ன 45 நாளா இருந்துச்சு, 2017-லேந்து ஏத்திட்டாங்க. அந்த நேரத்துல ஹார்பர பாத்தவன் இந்த ஊர்ல மீன்பிடியே முடிஞ்சு போச்சுன்னுதான் சொல்வான். கடல் செத்தா போவுது? நாம கைய வெக்காம கீறோம், அது அதும்பாட்டுக்கு முட்ட போட்டுகினு கீது. கிரிப்டும் அப்பிடித்தான். மண்ணுக்கடியில வேர் உயிரோட கீது. கரைஞ்ச தழைய மட்டும் எடுத்துட்டு வுட்டுடுங்க, சில வாரத்துல புதுத் தழை வரும். இன்னும் நல்ல யோசனை வந்து திரும்ப எடத்த மாத்திடாதீங்க, திரும்பக் கரையும்.

கடையில வாங்கின செடி வூட்டுக்கு வந்ததும் தழை கொட்டுதுன்னா அதுக்கும் பதறாதீங்க. பண்ணையில பல செடிய தண்ணிக்கு மேல காத்துலதான் வளப்பாங்க. உள்ள முழுவினதும் காத்துல வந்த தழை உதிந்து, தண்ணிக்கு ஏத்த தழை வரும். ஆனா கோடு போட்ட தழையோட வெறப்பா ஒண்ணு நிக்குதே, அது தண்ணிச் செடியே இல்ல, ட்ராசினா. பூந்தொட்டியில வெக்கறது. எந்தக் கடையில தலையில கட்டினாங்கன்னு நான் கேக்கல. அத எடுத்து வாசல்ல வெச்சுடுங்க, உங்களுக்கும் அதுக்கும் மூச்சு வரும்.

உரம் பத்தி கேட்டீங்க. பழைய தழை மஞ்சளான்னா நைட்ரஜன் பத்தல, புதுத் தழை வெளுத்தா இரும்பு பத்தல, தழையில ஊசி ஊசியா ஓட்ட வுழுந்தா பொட்டாசியம் பத்தல. பாட்டில்ல எழுதினதுல பாதியில ஆரம்பிங்க. அவ்ளோதான்.

தண்ணிதான் நம்ம பக்கத்து பிரச்சன. கடலோரத்து போர் தண்ணி உப்பு, கண்ணாடியில வெள்ள வெள்ளயா கோடு வுழுந்துதே, அதான். மெட்ரோ தண்ணி பரவால்ல. காட்டுப்பள்ளியில 2010-ல ஒரு ஆலை தொறந்தாங்களே, கடல் தண்ணியிலேந்து ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்க, அது வடசென்னைக்குத்தான் கட்டினது. நான் புடிச்ச கடலயே இப்ப குழாய்ல புடிக்கறேன். எந்தத் தண்ணியானாலும் குளோரின் போவ வாயகன்ற டிரம்மில ஒரு நாளு தொறந்து வெச்சு ஊத்துங்க. கத்திரி வெயில்ல மூடிய எடுத்துட்டு, டேபிள் ஃபேன தண்ணி மேல படற மாரி திருப்பி வைங்க, ரெண்டு மூணு டிகிரி எறங்கும். வத்தறத தெனம் ரொப்புங்க. சூடான தண்ணியில ஆக்ஸிஜன் கம்மி, அந்த மாசம் செடியும் தளரும், அப்ப பெரிய வெட்டு வாணாம். லைட்டு ஆறுலேந்து எட்டு மணி நேரம் போதும். நீங்க கிரிக்கெட்டு முடியற வரைக்கும் எரிய வுடறீங்க. ஸ்கோர் செடிக்கும் தெரியணும்னு நெனச்சீங்க போல.

இப்ப கோவமா ஒண்ணு சொல்வேன், தப்பா எடுத்துக்காதீங்க. முந்தாநாளு ஒரு கவர்ல மெதந்துகினு கெடந்த செடித் துண்டும், பெருசாயிட்ட அந்த டேங்க் க்ளீனர் மீனையும் போட்டு, பாலத்து மேல வண்டிய நிறுத்தி கால்வாய்ல கொட்டினீங்களாம். உயிர வாழ வுட்டேன்னு பேத்திகிட்ட சொன்னீங்களாம். கடல்ல போட்டிருந்தா உப்புல செத்திருக்கும். கால்வாய்ல அது பொழைக்கும், அதான் வம்பு. ஆகாயத்தாமரை தென்னமெரிக்காவுலேந்து பூ அழகா கீதுன்னு இந்த நாட்டுக்கு வந்ததுதான். ஒவ்வொரு மழைக்கும் ஆத்துலேந்து அடிச்சுகினு வந்து எங்க கரையில ஒதுங்குது, வலையில சுத்திக்குது. கேரளாவுல, கோழிக்கோடு பக்கம் ஆவள பாண்டின்னு ஒரு எடம். 2020-ல கால்வாய் முழுக்க ரோஸ் கலர்ல பூத்து நின்னுச்சு, ஊரே போட்டோ எடுக்க ஓடுச்சு. முள்ளன் பாயல்னு அங்க பேரு. அது இன்னா செடி தெரியுமா? உங்க தொட்டியில ரெண்டாவது வரிசையில நிக்கற கபோம்பா இனம். அந்த டேங்க் க்ளீனரும் தென்னமெரிக்கா சரக்குதான், சென்னை ஏரியில இப்ப அது உள்ளூர் மீனோட பங்குக்கு நிக்குது.

எண்ணூர்ல காக்கா ஆழின்னு ஒரு மட்டி புகுந்து ஆத்தடிய மூடி, எறா தங்கற எடத்த புடிச்சுகினு கீது. அதுவும் அமெரிக்கப் பக்கம்தான், கப்பல் தண்ணியில வந்திருக்கணும்னு சொல்றாங்க. அனல்மின் நிலையத்து சாம்பல் ஒரு பக்கம். 2017 ஜனவரியில ரெண்டு கப்பல் மோதி கொட்டின எண்ணெய பக்கெட்டால அள்ளினாங்க. 2023 டிசம்பர் வெள்ளத்துல மறுபடியும் எண்ணெய். நம்ம ஊரு தண்ணிக்கு இவ்ளோ பேரு சீர் செஞ்சுட்டாங்க, நம்ம வூட்டு சார்பா நீங்களும் ஒரு கவர் செஞ்சீங்க.

இனிமே வெட்டினத மொட்ட மாடியில வெயில்ல பரப்பி நல்லா காய வைங்க. காஞ்சத மல்லிப்பூ தொட்டிக்குப் போடுங்க, மாத்தின தண்ணியயும் அதுக்கே ஊத்துங்க.

எல்லாத்தயும் காய வெக்க வாணாம். மேல் கொத்து, தழை நல்லா இருக்கிறது, ஒரு ஜாண் நீளத்துக்கு வெட்டினது, அத ஒரு பக்கெட்டு தண்ணியில போட்டு எங்கிட்ட குடுத்துடுங்க. மாடியில பழைய ஐஸ் பொட்டி மூணு கீது, மீன் ஏத்தினது, சும்மா கெடக்குதேன்னு தண்ணி ரொப்பி வெச்சிருக்கேன். பக்கத்துத் தெரு பசங்க வந்து கொத்து கொத்தா வாங்கினு போறானுங்க. லுட்விஜியா செவப்பு நல்லா போவுது, வேலம்பாசிய எவனும் சீண்ட மாட்றான். கத்திரி காசு என் கணக்குல வெச்சுக்குங்க, மாப்ள, ரெண்டு வாரத்துல எடுத்துடுவேன். பேத்திகிட்ட மட்டும் சொல்லாதீங்க, பங்கு கேக்கும்.